ஞாயிற்றுக்கிழமை நெருப்பு

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'என்னைப் பாதித்த ஒரு கவிதை' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ராபர்ட் ஹேடன் எழுதிய 'தோஸ் வின்டர் சண்டேஸ்' என்ற கவிதை. 1962இல் வெளிவந்த 'எ பேலட் ஆஃப் ரிமெம்பரன்ஸ்' தொகுப்பில் இருக்கிறது. மொத்தம் 14 வரிகள். ஐந்து வரி, நாலு வரி, மறுபடி ஐந்து வரி. அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாகப் படிக்கிற கவிதை என்பதால், இங்கே ஆங்கில இலக்கியம் படித்தவர்களில் சிலருக்கு அறிமுகம் இருக்கலாம். நான் அதை இங்கே வாசித்துக் காட்டப் போவதில்லை. நூலகத்தில் தேடி எடுத்து, தனியாக உட்கார்ந்து படியுங்கள். அதில் நடப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நடப்பது மிகச் சிறிய விஷயம். குளிர்காலம். வாரமெல்லாம் வெட்டவெளியில் கூலிவேலை பார்த்த ஒரு தகப்பன், ஓய்வு நாளான ஞாயிறன்றும் விடியுமுன் எழுந்துகொள்கிறார். அந்தக் குளிரிலேயே உடுப்பை மாட்டிக்கொள்கிறார். வெடித்து வலிக்கிற கைகளோடு, இரவு மூடிவைத்த நெருப்பைக் கிளறி எரியவிடுகிறார். அறைகள் சூடான பிறகு வீட்டாரைக் கூப்பிடுகிறார். மகன் எழுந்து வருகிறான். சந்தோஷமாக வரவில்லை. அந்த வீட்டில் தீராமல் கிடக்கும் கோபங்களுக்குப் பயந்துகொண்டே வருகிறான். அப்பாவிடம் பட்டும்படாமல் இரண்டு வார்த்தை பேசுகிறான். அவனுடைய நல்ல ஷூவுக்கும் அவர்தான் பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார். அந்த வீட்டில் ஒருவரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. அன்பு இப்படிக் கடுமையாகவும் தனியாகவும் இருக்கும் என்பதைப் பற்றிச் சிறுவனான தனக்கு என்ன தெரிந்திருந்தது என்று, வளர்ந்துவிட்ட மகன் தன்னையே கேட்டுக்கொள்கிறான். அதோடு முடிந்துவிடுகிறது.

இதை நன்றிக் கவிதை என்றுதான் பெரும்பாலும் அறிமுகப்படுத்துகிறார்கள். தந்தையர் தினத்துக்குப் பொருத்தமான கவிதை என்று எடுத்துப் போடுகிறார்கள். அப்படிப் படித்தால் அதன் நடுவில் இருக்கும் ஒரு வரியைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். கோபத்தைப் பற்றிய வரி. ஹேடன் அதை மறைக்கவில்லை, மன்னிக்கவுமில்லை, அதற்குக் காரணமும் சொல்லவில்லை. வீட்டைச் சூடாக்கியவரும் அவர்தான், அந்த வீட்டில் பயந்து வளர்ந்தவனும் நான்தான் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். என்னைப் பொறுத்தவரை கவிதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நம் மேடைகளில் அப்பாவைப் பற்றிப் பேசும்போது முதலில் காணாமல் போவது அவருடைய கோபம். அடுத்துக் காணாமல் போவது அவருடைய வேலை. 'எங்களுக்காக ஓடாய்த் தேய்ந்தார்' என்று சொல்லிக் கண்கலங்குகிறோம். எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன பாரம் தூக்கினார், கையில் எந்த இடம் காய்த்துப் போயிருந்தது, கூலியை யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. அவரைத் தெய்வம் ஆக்கிவிடுகிறோம். தெய்வத்துக்கு வேலை நேரம் கிடையாதே! ஹேடன் தன் தகப்பனைப் பற்றி ஒரு புகழ்ச்சிச் சொல்லும் சொல்லவில்லை. அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறார். எழுந்தார், உடுத்தினார், நெருப்பு மூட்டினார், கூப்பிட்டார், பாலிஷ் போட்டார். ஐந்து வேலைகள். அந்த மனிதர் என் கண்முன் நிற்கிறார்.

அந்த நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சூடான ஊரில் வாழும் நமக்கு அது சட்டென்று பிடிபடாது. கவிதையின் பின்னணி டெட்ராய்ட் நகரம். ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்விடும். அந்தக் காலத்து ஏழை வீடுகளில் நிலக்கரி அடுப்புதான் வீட்டைச் சூடாக்கும். இரவு முழுக்க அதை எரியவிட்டால் கரி தீர்ந்துவிடும், அணையவிட்டால் காலையில் விறகிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் படுக்கப் போகும் முன் தணலை ஒதுக்கிச் சாம்பலாலும் கரித்தூளாலும் மூடி, காற்று வரும் வழியைக் குறைத்துவிடுவார்கள். நீறு பூத்துக் கிடக்கும். விடியற்காலையில் ஒருவர் எழுந்து, அடுப்பின் அடியில் உள்ள கம்பிகளை உலுக்கிச் சாம்பலைக் கீழே தள்ளி, காற்றுக்கு வழிவிட்டு, புதுக் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே இருக்கும் தணல் மூச்சுத் திணறிச் செத்துவிடும். புகை வரும், பிறகு சுடர் வரும், அதற்குப் பிறகுதான் சூடு அறைகளுக்குப் போகும். இது சட்டென்று முடிகிற காரியம் இல்லை. அவ்வளவு நேரமும் அந்த ஒருவர் குளிரில் நின்றுகொண்டிருக்க வேண்டும். வெடித்த விரல்களால் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர்கள் போர்வைக்குள் கிடக்கலாம்.

இனி அந்த மனிதர் யார் என்று பார்ப்போம். ஹேடன் 1913 ஆகஸ்ட் 4ஆம் தேதி டெட்ராய்ட்டில் பிறந்தார். பிறந்தபோது அவர் பெயர் ஏசா பண்டி ஷெஃபி. பெற்றோர் பிரிந்துவிட்டதால், பக்கத்து வீட்டில் இருந்த வில்லியம் ஹேடன், சூ எலன் ஹேடன் தம்பதி குழந்தையை எடுத்து வளர்த்தார்கள், தங்கள் பெயரையே வைத்தார்கள். வில்லியம் ஒரு கூலித் தொழிலாளி, பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், கண்டிப்பானவர். அவர்கள் இருந்த பகுதிக்குப் பாரடைஸ் வேலி என்று பெயர். கறுப்பின மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த பகுதி. 1910இல் டெட்ராய்ட்டில் கறுப்பினத்தவர் ஆறாயிரத்துக்கும் குறைவு. 1930இல் ஏறத்தாழ 1,20,000. தெற்கு மாநிலங்களின் பருத்தி வயல்களையும் கும்பல் கொலைகளையும் விட்டு ரயிலேறி வந்தவர்கள். ஃபோர்டு கம்பெனி 1914இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் சம்பளம் என்று அறிவித்த ஊர் அது. ஆனால் கார் தொழிற்சாலைகளில் கறுப்பினத் தொழிலாளிக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இரும்பு உருக்கும் வார்ப்புப் பட்டறை மாதிரி எரிகிற, புகைகிற வேலைகள். தொழிற்சாலைக்குள் இடம் கிடைக்காதவருக்குத் தெருவில் கிடைத்த கூலிவேலை. கவிதையில் அந்தத் தகப்பனின் நிறம் சொல்லப்படவில்லை. கைகள் ஏன் வெடித்திருந்தன என்பது மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த ஊரின் வரலாறு தெரிந்தவருக்கு அது போதும்.

பெற்ற தாயும் விட்டுப் போய்விடவில்லை. வந்து போய்க்கொண்டிருந்தார், சில காலம் அருகிலேயே இருந்தார். பிள்ளை யாருடையவன் என்ற இழுபறி வீட்டில் இருந்துகொண்டே இருந்தது. சிறுவனுக்குக் கண்பார்வை மிக மோசம். கனத்த கண்ணாடி போட்டுக்கொண்டு, விளையாடப் போகாமல், புத்தகத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தான். நாற்பது வயதை ஒட்டித்தான் ஹேடனுக்கு ஓர் உண்மை தெரிந்தது: தன்னை அவர்கள் சட்டப்படி தத்தெடுக்கவே இல்லை. ஆவணங்களின்படி அவர் ராபர்ட் ஹேடனே இல்லை.

அது தெரிந்த பிறகு வெளியான கவிதை இது. அதில் 'வளர்ப்புத் தந்தை' என்ற பேச்சே இல்லை. 'என் தந்தை' என்றுதான் சொல்கிறார். பெற்றவர் வேறு, பதிவேட்டில் இருக்கும் பெயர் வேறு. இந்த மனிதரைத் தந்தை என்று சொல்ல ஹேடனிடம் இருந்த ஆதாரமெல்லாம் அந்தக் காலை நேரத்து வேலைதான். தினமும் எழுந்து நெருப்பு மூட்டினார், ஆகவே தந்தை. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ரத்தம், குலம், வாரிசு என்று எத்தனை பேச்சுப் பேசுகிறோம்!

ஹேடனின் சொந்த வாழ்க்கையும் உழைப்பாளியின் வாழ்க்கைதான். 1930களில் எழுத்தாளர்களுக்கான அரசாங்க வேலைத் திட்டத்தில் சேர்ந்து கறுப்பின மக்களின் வரலாற்றைத் தோண்டிச் சேகரித்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனிடம் படித்தார். பிறகு நாஷ்வில்லில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் 1946 முதல் 23 ஆண்டுகள் ஆசிரியர். வகுப்புகளின் சுமைக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் எழுதினார். 1966இல் அதே ஃபிஸ்கில் நடந்த எழுத்தாளர் மாநாட்டில் இளைய கறுப்பினக் கவிஞர்கள் அவரைக் கடுமையாகத் தாக்கினார்கள். கறுப்பினக் கவிஞர் என்று சொல்லாமல், தன்னை முதலில் கவிஞர் என்று அழைத்துக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. அடிமைக் கப்பல்களைப் பற்றியும் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸைப் பற்றியும் எழுதிய மனிதரை அப்படிக் குற்றம்சாட்டியது நியாயமே இல்லை என்று நான் நினைக்கிறேன். அவர் யாரையும் சின்னமாகச் சுருக்க மறுத்தார். தன்னையும் சுருக்கவில்லை, தன் தகப்பனையும் சுருக்கவில்லை. 1976இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கவிதை ஆலோசகராக அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1980இல் காலமானார். அவர் வளர்ந்த பாரடைஸ் வேலி இன்று இல்லை. நெடுஞ்சாலை போடுவதற்காக 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் இடித்துத் தள்ளினார்கள்.

இந்தக் கவிதை எனக்கு ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்பீர்கள். என் அப்பா விழுப்புரம் மீட்டர்கேஜ் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்தார். கலாசியாகச் சேர்ந்து ஃபயர்மேன் ஆனவர். காட்பாடி லைனில் ஒய்.பி. ரக நீராவி எஞ்சின்களில் கரி அள்ளிப் போட்டவர். ஆகவே தணலை மூடிவைப்பது, கிளறிவிடுவது எல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சு. ஷெட்டில் நிற்கும் எஞ்சினில்கூட நெருப்பை ஒதுக்கி மூடித்தான் வைப்பார்கள். அணைந்துபோனால் மறுபடி ஸ்டீம் ஏறப் பல மணி நேரம் ஆகும்.

ரயில்வே காலனியில் இரவு தூக்கம் என்பது அரைத் தூக்கம்தான். அந்த நாளில் கால் பாய் என்று ஒருவர் இருந்தார். எந்த எஞ்சினுக்கு யார் போக வேண்டும் என்று வீடு வீடாக வந்து எழுப்பி நோட்டில் கையெழுத்து வாங்கிப் போவார். நடுராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். வாரத்தில் எந்த நாள், எந்தப் பண்டிகை என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. அப்பா எழுந்து, சாமான் பெட்டியான லைன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இருட்டில் நடந்து போவார். திரும்பி வருவது மறுநாள் ராத்திரியாக இருக்கலாம், அதற்கடுத்த நாள் காலையாகவும் இருக்கலாம்.

அவர் வந்ததும் வீடு அடங்கிவிடும். ரேடியோவை நிறுத்திவிடுவோம். ஒரு முறை சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் மோதியது. குழம்பில் உப்பு கூடிப்போயிருந்தது, அவ்வளவுதான் காரணம். அம்மா குனிந்து சோற்றுப் பருக்கைகளைப் பொறுக்கியதும், நானும் என் அண்ணனும் எங்கள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டு முடித்ததும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அடுத்த நாள் அவர் ஓய்வில் இருந்தார். காலையில் வாசலில் உட்கார்ந்து, எங்கள் பள்ளிக்கூட சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, வேஸ்ட் காட்டனால் துடைத்துக்கொண்டிருந்தார். பஞ்சாலையில் கழித்துப்போட்ட பல நிற நூல்களின் உருண்டை அது. எஞ்சினைத் துடைக்க ஷெட்டில் கொடுப்பார்கள். அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுச் செயினின் ஒவ்வொரு கண்ணியாக அழுக்கெடுப்பார். பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பெடலைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். சத்தம் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

தட்டை எறிந்ததும் அந்தக் கைதான், செயினைத் துடைத்ததும் அந்தக் கைதான். நெடுநாள் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் 'உங்களுக்காகத்தானே அந்த மனுஷன் நெருப்புல வேகறாரு' என்பார்கள். அது உண்மை. ஆனால் அந்த வாக்கியம் தட்டை மறந்துவிடச் சொன்னது. நண்பர்களில் சிலர் 'அடிக்கிற அப்பனுக்கு என்னடா மரியாதை' என்றார்கள். அது சைக்கிளை மறந்துவிடச் சொன்னது. ஹேடனின் கவிதை என்னை எதையும் மறக்கச் சொல்லவில்லை. நான் அதைப் படித்துவிட்டு அழவில்லை. நிம்மதியாக இருந்தது.

கவிதையின் மேல் எனக்கு ஒரு கேள்வியும் உண்டு. அந்த வீட்டில் ஒரு பெண் இருந்திருப்பார். கவிதையில் அவர் இல்லை. கால் பாய் தட்டும்போது அப்பாவுக்கு முன்பே எழுந்தவர் என் அம்மா. அடுப்பை மூட்டிக் காபி போட்டு, டிபன் கேரியரில் சோறு கட்டி, அவர் போன பிறகும் தூங்காமல் விடியலுக்குக் காத்திருப்பவர் அம்மா. தனி மனிதனாக ஒரு தகப்பனை நிறுத்தும்போது பக்கத்தில் நிற்பவர் இருட்டில் போய்விடுகிறார். ஹேடனுக்கு இது தெரியாமல் இல்லை. அதே தொகுப்பில் 'தி விப்பிங்' என்று ஒரு கவிதை இருக்கிறது. தெரு முழுக்கக் கேட்க ஒரு பெண் ஒரு பையனைத் துரத்தித் துரத்தி அடிக்கிறாள். அடித்து ஓய்ந்தபின் சாய்ந்து நிற்கும்போது, அவளும் வாழ்க்கை முழுக்க அடி வாங்கியவள் என்பது நமக்குத் தெரியவருகிறது. இரண்டு கவிதைகளையும் சேர்த்துப் படியுங்கள். முதல் கவிதையில் சொல்லாமல் விட்ட கோபத்தின் முகவரி இரண்டாவதில் கிடைக்கும். குளிர்கால ஞாயிறை மட்டும் தனியே எடுத்துப் பாடநூலில் வைக்கும்போது இந்த வாசல் அடைபட்டுப் போகிறது என்பது என் வருத்தம்.

இன்னொன்று. அந்தத் தகப்பன் கவிதையில் பேசுகிறாரா? ஒரே ஒரு முறை வாயைத் திறக்கிறார். அறைகள் சூடான பிறகு கூப்பிடுகிறார். குளிரில் யாரையும் எழுப்பவில்லை. கரி எடுத்துக் கொடு, விளக்கைப் பிடி என்று மகனை அழைக்கவில்லை. அழைத்திருந்தால் பிள்ளைக்கு அந்த வேலை தெரிந்திருக்கும். கடைசியில் கவிஞர் கேட்கும் கேள்விக்கு அங்கேயே கொஞ்சம் பதில் கிடைத்திருக்கும். பிள்ளைக்குக் கஷ்டம் தெரியக்கூடாது என்று மறைத்துச் செய்கிற வேலை, பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடுகிறது. நம் வீட்டு அப்பாக்கள் இதில் கெட்டிக்காரர்கள். பிறகு, 'என் கஷ்டம் உனக்கென்னடா தெரியும்' என்றும் அவர்களே கேட்பார்கள். தெரியவிட்டால்தானே!

நான் என் அப்பாவிடம் கேட்டேன். அவர் ஓய்வு பெற்று, ஸ்டீம் எஞ்சின்களெல்லாம் போன பிறகு, ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'கரி எப்படிப்பா போடுவீங்க?' என்று கேட்டேன். முதலில் 'அதெல்லாம் இப்ப எதுக்கு' என்றார். பிறகு, 'டேய், எல்லாக் கரியும் ஒண்ணு இல்லடா' என்று ஆரம்பித்தார். சிங்கரேணிக் கரியில் சாம்பல் அதிகம், கட்டி தட்டும், நெருப்பை அடிக்கடி சுத்தம் பண்ண வேண்டும். வங்காளக் கரி வந்தால் அன்றைக்குப் பிழைத்தோம் என்றார். பெட்டிக்குள் நாலு மூலையிலும் மெல்லிசாகப் பரவ வேண்டும், நடுவில் குவித்தால் ஸ்டீம் இறங்கிவிடும், டிரைவர் திட்டுவார் என்றார். ஓடுகிற எஞ்சினில் காலை எப்படி அகட்டி நிற்க வேண்டும், கதவைத் திறக்கிற அந்த நொடியில் முகத்தை எந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று எழுந்து நின்றே காட்டினார். சாயங்காலம் வரைக்கும் பேசினார். அம்மா இரண்டு தரம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவரும் உட்கார்ந்து கேட்டார். 'இதெல்லாம் எங்கிட்டகூடச் சொன்னதில்ல' என்றார்.

தட்டு எறிந்த நாளைப் பற்றி அப்பா பேசவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. கரியைப் பற்றி இன்னும் நாலு கேள்வி கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.